திங்கட்கிழமை முழங்காலில் இருந்த இரண்டு புள்ளிகள்

அந்த இரண்டு புள்ளிகளையும் நான் பார்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இத்தனை மாதமாக யார் கேட்டாலும் இதை மட்டும் விட்டுவிட்டுத்தான் மீதிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆவணி பிறந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். திங்கட்கிழமை காலை பாப்பாவைக் குளிக்க வைத்துத் துண்டால் துடைக்கும்போது வலது முழங்காலில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருந்தன, கடுகை விடக் கொஞ்சம் பெரியவை. கீழுதட்டு ஓரத்தில் இன்னொன்று. சனிக்கிழமை ராத்திரி காய்ச்சல் ஆரம்பித்தது, ஞாயிறு முழுக்க 100, 101 என்று ஏறி இறங்கியது, ராத்திரி பத்து மணிக்கு மேல் விட்டுவிட்டது. காலையில் தொட்டுப் பார்த்தால் உடம்பு குளுகுளுவென்று இருந்தது. தோசை வேண்டாம் என்றாள், பால் மட்டும் அரை டம்ளர் குடித்தாள். எனக்கு 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி போட்டாக வேண்டும்; கணக்குப் பார்க்கிற வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்த வாரத்தில் லீவு கேட்க வாயே வராது. கொசு கடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு பிளே ஸ்கூலில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். அன்றைக்கு அவளுக்கு எடுத்துப் போட்டது முழுக்கால் பேன்ட். மற்ற நாளில் திருப்பூர் வெயிலுக்கு நான் அதைத் தொடவே மாட்டேன்.

மறைக்கத்தான் போட்டேனா என்று நூறு தடவை யோசித்துவிட்டேன். அப்படி நினைத்துச் செய்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் கொசுக்கடி என்று உண்மையிலேயே நம்பியிருந்தால் கை தானாக அந்த பேன்ட்டைத் தேடிப் போயிருக்காது.

என்னைக் கொஞ்சம் ஏமாற்றியது பழைய அனுபவமும்தான். பாப்பாவுக்குப் பத்து மாதம் இருக்கும்போது மூன்று நாள் 103 வரைக்கும் காய்ச்சல் அடித்து, நாலாம் நாள் சட்டென்று விட்டு, அதே நாள் நெஞ்சிலும் முதுகிலும் ரோஸ் நிறத்தில் பொரிப் பொரியாக வந்தது. அலறிக்கொண்டு தூக்கிப்போனால் டாக்டர் சிரித்தார். "புள்ளி வந்துருச்சில்லம்மா, இனிமே பயமில்ல" என்றார். ரோசியோலா என்று பேர். ஹெர்ப்பிஸ் குடும்பத்து ஆறாம் நம்பர் வைரஸ்தான் பெரும்பாலும் காரணம், அது 1988-இல் ஜப்பானில்தான் உறுதியானது, இரண்டு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த வைரஸ் வந்துவிட்டுப் போகும் என்றெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த வியாதியில் புள்ளி வருவது முடிவின் அடையாளம். நான் அதை எல்லாப் புள்ளிக்கும் பொதுவான விதியாக மனதில் எழுதிவைத்துவிட்டேன். காய்ச்சல் விட்டது, புள்ளி வந்தது, முடிந்தது. இரண்டு வருஷம் கழித்து வேறொரு வைரஸ் வந்து நிற்கும், அதில் புள்ளிதான் ஆரம்பம் என்று யார் நினைத்தார்கள்?

பன்னிரண்டரைக்கு பிளே ஸ்கூலிலிருந்து போன் வந்தது. சோறு வாயில் வைத்தால் துப்புகிறாள், எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, அழுகிறாள். போய்த் தூக்கினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்ட கையை விரித்துப் பார்த்தால் உள்ளங்கையில் ஏழெட்டு. உள்ளங்காலில் அதற்கு மேல். நீள வாட்டில், சாம்பல் கலந்த சிவப்பில், உள்ளே நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள். டாக்டர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார், அண்ணத்திலும் நாக்கோரத்திலும் புண். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "கை கால் வாய் நோய்ம்மா. இப்ப நிறைய வருது" என்றார். சின்னம்மை இல்லையா என்று கேட்டேன். சின்னம்மை நெஞ்சிலும் முதுகிலும் அடர்த்தியாக வரும், பயங்கரமாக அரிக்கும், ஒரு பக்கம் காய்ந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் புதிதாகக் கிளம்பும். இது உள்ளங்கை, உள்ளங்கால், வாய், புட்டம் என்று இடம் பார்த்து உட்காரும் என்று காட்டினார். ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை, வைரசுக்கு அது எதற்கு என்றார். காய்ச்சலுக்கு எடைக்குத் தக்கபடி பாராசிட்டமால். மருந்துக்கடையில் கொடுக்கும் வாய்ப்புண் ஜெல்லை நாமாக வாங்கித் தடவக் கூடாது. முக்கியமாகக் குடிக்க வைக்க வேண்டும், எட்டு மணி நேரம் ஒண்ணுக்குப் போகாமல் இருந்தால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். தூக்கத்தில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டுத் துள்ளினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, நடக்கும்போது தள்ளாடினாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ காத்திருக்கக் கூடாது. இந்தக் கடைசி வரிதான் அன்றைக்கு ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிளே ஸ்கூலுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப அன்பாகப் பேசினார்கள். பாப்பாவை நல்லாப் பாத்துக்கோங்க, நாங்க எல்லா பொம்மையையும் துடைத்துவிடுகிறோம், ஆனால் குரூப்பில் எதுவும் போட்டுவிடாதீர்கள், மற்ற பேரன்ட்ஸ் பயந்துவிடுவார்கள் என்றார்கள். போன வாரமே இரண்டு குழந்தைகள் இதனால் வரவில்லை என்பதும் பேச்சுவாக்கில் தெரிந்தது. எனக்கு அப்போது கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. யாரும் என் மகளைக் கை காட்டப்போவதில்லை என்ற நிம்மதி.

அம்மா வந்து இறங்கியது

செவ்வாய்க்கிழமை காலை கோபியிலிருந்து முதல் பஸ் பிடித்து அம்மா வந்துவிட்டார். போனில் நான் சொன்னது வைரஸ், அவர் காதில் விழுந்தது அம்மை. பையில் மாற்றுச்சேலைக்கு மேலே ஒரு கட்டு வேப்பிலை. பாப்பாவின் கையைப் பிடித்து விரித்துப் பார்த்துவிட்டு, "முத்துப் போட்டுருக்கறா கண்ணு. ஆடியில கூழு ஊத்தறதுக்கு வராமப் போயிட்டீங்கல்ல" என்றார். பேசிக்கொண்டே வாசல் நிலையில் ஒரு கொத்தைச் செருகினார். அடுப்படியில் தாளிப்பு கூடாது. வெளியே போய் வருபவர்கள் கால் கழுவாமல் உள்ளே வரக் கூடாது. பாப்பாவுக்குத் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். யாரும் யார் வீட்டுக்கும் போகவும் வேண்டாம், வரவும் வேண்டாம். தலைக்குத் தண்ணி ஊற்றுகிற வரைக்கும் குளிப்பாட்டவே கூடாது. மருந்து? "தாயி வந்துருக்கறப்ப மருந்தா? வாயில போட்டுக்க கண்ணு" என்று தன் கன்னத்தில் தட்டிக்கொண்டார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ராத்திரி பூரா கண் விழித்துப் படித்திருந்தேன். 1957-இல் கனடாவின் டொரான்டோவில் குழந்தைகளுக்கு இப்படிக் கூட்டமாக வந்தது முதல் பதிவுகளில் ஒன்று என்பதும், இரண்டு வருஷம் கழித்து இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பரவியபோதுதான் கை கால் வாய் நோய் என்ற பேர் வந்தது என்பதும், இதற்குப் பெரும்பாலும் காரணமான வைரசுக்குப் பேர் கொடுத்த காக்ஸாக்கி என்பது நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிற ஊரின் பேர், 1940களின் கடைசியில் அங்கிருந்த குழந்தைகளிடமிருந்து இந்தக் குடும்பத்து வைரசைப் பிரித்தெடுத்தார்கள் என்பதும் தெரிந்திருந்தது. 1997-இல் மலேசியாவின் சரவாக்கில், அடுத்த வருஷம் தைவானில், என்டெரோவைரஸ் 71 என்ற ரகம் மூளையைத் தாக்கிச் சின்னக் குழந்தைகள் செத்துப்போனதையும் படித்திருந்தேன். டாக்டர் சொன்ன திடுக்கிடலும் தள்ளாட்டமும் எதற்கான அறிகுறி என்று அப்போதுதான் புரிந்தது. அந்த ஒரு ரகத்துக்குச் சீனாவில் 2015 கடைசியில் தடுப்பூசி அனுமதி ஆனதாம். அது காக்ஸாக்கி வகைகளைத் தடுக்காது. 2022-இல் கேரளாவில் தக்காளிக் காய்ச்சல் என்று பேப்பரெல்லாம் வந்து, வாளையாறு செக்போஸ்ட்டில் வண்டிக்குள் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து அனுப்பினார்களே, அப்போது கேரளாவுக்குப் போய்விட்டுத் திரும்பிய இங்கிலாந்துக் குழந்தைகள் இரண்டு பேரைச் சோதித்ததில் கிடைத்தது காக்ஸாக்கி ஏ16, அதாவது இதே நோயின் பழைய வைரஸ். புது வியாதி, புதுப் பேர் என்று நாம் பயந்தது வீட்டுக்கு வீடு வந்து போகிற ஒன்றைத்தான். இத்தனையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறவளிடம் வேப்பிலையைக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? "அம்மா, பேரு அம்மையோ வைரஸோ, காய்ச்சல் வந்தா சிரப் குடுப்பேன், தினமும் குளிக்க வைப்பேன்" என்று சொல்லிவிட்டேன். நிலையில் இருந்த கொத்தை எடுக்கத்தான் போனேன். பாப்பா அழுதாள், திரும்பிவிட்டேன், அப்படியே மறந்துவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம்

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு அக்கா இருக்கிறார். தலைப் பிரசவத்துக்கு வந்த மகளும், பிறந்து அஞ்சு மாதமான பேரனும் அவர் வீட்டில்தான் இருந்தார்கள். தினமும் ஆறு மணி வாக்கில் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். பாப்பா அவன் கையைப் பிடித்து, விரலை விரித்து, முத்தம் கொடுத்து, தன் பொம்மையை அவன் வாயிலேயே திணிப்பாள். புதன்கிழமையும் வந்தார். நான் ஹாலில் பாப்பாவுக்கு ஸ்பூனால் மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது, அவர் கேட்டைத் திறக்கக் கை வைத்தார், நிமிர்ந்து நிலையைப் பார்த்தார், கையை எடுத்துவிட்டார். ஒரு அடி பின்னால் போய் நின்றுகொண்டு, "அம்மை போட்டுருக்குதுங்களா? பாப்பாவுக்கா?" என்று அங்கிருந்தே கேட்டார். அம்மா வாசலுக்குப் போய், ஆமாங்க என்றார். "பாவம், தங்கம். எளநி வெட்டித் தரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கால் மணி நேரத்தில் மதில்மேல் மூன்று இளநீர். மணி அடிக்கவில்லை, கூப்பிடவில்லை, வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் முகத்தில் பயமோ அருவருப்போ இல்லை. என் மகளைப் பற்றி யாரிடமும் குறை சொல்லப்போவதாகவும் தெரியவில்லை. ஒரு கொத்து இலையைப் பார்த்தார், என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, செய்தார், அஞ்சு மாதக் குழந்தை எங்கள் வீட்டுக்குள் வராமல் திரும்பிப்போனது. அவர் வருகிற நேரம் எனக்குத் தெரியும். வராதீர்கள் என்று முன்னாடியே ஒரு போன் பண்ண எனக்குத் தோன்றவே இல்லை. சரவாக் வரைக்கும் படித்தவளுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற குழந்தை ஞாபகத்துக்கு வரவில்லை. ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அம்மாவின் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். வாயெல்லாம் புண்ணாக இருக்கிற குழந்தைக்குப் புளிப்பும் காரமும் எண்ணெயும் எரியும். ஆறிய கம்மங்கூழ், மோர், இளநீர், குழைந்த தயிர்சோறுதான் இறங்கும். டாக்டர் சொன்னதும் அதுதான், குளிர்ச்சியாக எதையாவது குடிக்கக் கொடுங்கள், ஐஸ்கிரீம்கூடப் பரவாயில்லை என்றார். தனித் தட்டும் தனிப் பாயும் சரிதான், எச்சிலிலும் கொப்புளத்து நீரிலும் வைரஸ் இருக்கிறது. மலத்தில் வாரக்கணக்கில் இருக்கும் என்பது மட்டும் அம்மாவுக்குத் தெரியாது. கழுவிவிட்ட கையைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொரோனாவில் பழகிய சானிடைசர் பாட்டிலை நம்பக் கூடாது, இந்த வைரசுக்கு வெளியே கொழுப்பு உறை கிடையாது, ஆல்கஹால் அவ்வளவாக வேலை செய்யாது. இப்படி அம்மாவுடையதில் பாதியும் டாக்டருடையதில் பாதியுமாக அந்த வாரம் வீடு ஓடியது. குளியலில் மட்டும் சண்டை. கடைசியில் வேப்பிலை போட்டு வெயிலில் வைத்த தண்ணீர் என்றால் தினமும் ஊற்றலாம் என்று அம்மாவே இறங்கி வந்தார்.

மருந்து விஷயத்தில் அவர் இறங்கி வந்ததற்குக் காரணம் வேறு. வியாழக்கிழமை ராத்திரி மறுபடி காய்ச்சல் ஏறியது. நான் சிரப்பை அளந்து ஊற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "குடு குடு, சீக்கிரம் குடு" என்றார். பாப்பா தூங்கின பிறகு, இருட்டில், எனக்கு இதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னார். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம், நாலு வயது. மணல்வாரி, அதாவது தட்டம்மை, போட்டிருக்கிறது. வேப்பிலை கட்டி, தனியாகப் படுக்க வைத்து, எல்லாம் முறையாகச் செய்திருக்கிறார்கள். அஞ்சாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனால் தாய் கோபித்துக்கொள்வாள் என்று பெரியவர்கள் ரெண்டு நாள் பார்த்திருக்கிறார்கள். "நெஞ்சு உள்ள உள்ள போயிட்டு வந்துச்சு கண்ணு. நான் பக்கத்துல உக்காந்து விசிறிட்டு இருந்தேன். எனக்கு எட்டு வயசு." அவ்வளவுதான் சொன்னார். மணல்வாரி நுரையீரலில் இறங்கினால் அப்படித்தான் மூச்சு வாங்கும், இன்றைக்கு அதற்கு ஆக்சிஜன் இருக்கிறது, வைட்டமின் ஏ கொடுக்கிறார்கள், அதற்கெல்லாம் முன்னால் ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதிலும் போடுகிற ஊசி இருக்கிறது. 2017-இல் பள்ளிக்கூடங்களில் அந்தத் தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் போட வந்தபோது வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி எங்கள் சொந்தத்திலேயே ரெண்டு பேர் பிள்ளைகளை அன்றைக்கு லீவு போட வைத்தார்கள். அப்போது சும்மா கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். இந்தக் கதை முன்பே தெரிந்திருந்தால் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டிருப்பேன்.

அதனால் வேப்பிலையே போதும் என்று நான் சொல்லவில்லை. வாசலில் அது செய்த வேலையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பெரியம்மை ஊர் ஊராக வாரிக்கொண்டு போன காலத்தில் பழகின பழக்கம்; 1975-இல் நாட்டின் கடைசி நோயாளியோடு அந்த வியாதி போய்விட்டது, இலை மட்டும் வாசலில் நின்றுவிட்டது. அதில் பழி இல்லை. தாய் வந்திருக்கிறாள் என்றால் அந்த வீட்டுக்கே ஒரு மரியாதை. எங்கள் பிளே ஸ்கூல் குரூப்பில் அதே விஷயம் 'எந்தக் குழந்தையிடமிருந்து வந்தது' என்று ஆகிவிடும். அந்தப் பயத்தில்தான் முந்தின வாரத்து இரண்டு அம்மாக்கள் வாயைத் திறக்கவில்லை, அதே பயத்தில்தான் நானும்.

பின்னாடி நடந்தது

வெள்ளிக்கிழமை அவள் வகுப்பில் இன்னொரு பெண் குழந்தைக்கு வந்தது. அடுத்த வாரம் அந்தக் குழந்தையின் எட்டு மாதத் தம்பிக்கு. வாய் முழுக்கப் புண், பால் குடிக்காமல், இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து ட்ரிப் ஏற்றினார்கள் என்று வேன் டிரைவர் சொல்லித்தான் தெரியும். தொற்றி மூன்றிலிருந்து ஆறு நாளில் வெளியே தெரியும் என்கிறார்கள். திங்கள் போய் வெள்ளி. கணக்குப் பார்ப்பதுதானே என் தொழில், விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், சரியாக வந்தது. முந்தின வாரத்து குழந்தைகளிடமிருந்தும் வந்திருக்கலாம், புள்ளியே இல்லாமல் வைரசைச் சுமந்துகொண்டு திரிகிற குழந்தைகளும் உண்டு, டாக்டரும் அதைத்தான் சொன்னார். தெரிந்துகொள்ள வழியில்லை. வழியில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இல்லை. குழந்தை நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டான், அதைக் கேட்டபோதுதான் சோறு இறங்கியது. அந்த அம்மாவைத் தினமும் கேட் பக்கம் பார்ப்பேன். சிரிப்போம். வேறொன்றும் பேச மாட்டேன்.

ஐந்து வாரம் கழித்து பாப்பாவின் கட்டைவிரல் நகம் அடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது. அப்புறம் ஆள்காட்டி விரல், அப்புறம் மோதிர விரல். வலியே இல்லை, ஆனால் பார்க்க வயிற்றைப் பிசைந்தது. இது காக்ஸாக்கி ஏ6 என்ற ரகத்தில் அடிக்கடி நடப்பது, நகம் வளர்கிற இடம் காய்ச்சலின்போது கொஞ்ச நாள் வேலையை நிறுத்திவிடுகிறது, 2008-இல் பின்லாந்தில் பரவியபோது நிறைய குழந்தைகளுக்கு இப்படிக் கழன்றது என்று தெரிந்துகொள்ள எனக்கு டாக்டர் இருந்தார், இன்டர்நெட் இருந்தது. அந்த வாரமே ராத்திரி குரூப்பில் ஒரு மெசேஜ் வந்தது. யாருக்காவது குழந்தைக்கு நகம் கழன்று விழுந்திருக்கிறதா, கால்சியம் கம்மியா என்று பயமாக இருக்கிறது, என்ன டெஸ்ட் எடுப்பது. எழுதியது அந்தக் குழந்தைகளின் அம்மா. முப்பது பேர் இருக்கிற குரூப்பில் பத்து நிமிஷம் பதில் இல்லை. குறைந்தது நாலு வீட்டில் விடை தெரியும் என்று எனக்குத் தெரியும்.

குரூப்பிலேயே எழுதினேன். பாப்பாவுக்கு ஆகஸ்டில் கை கால் வாய் நோய் வந்தது, அதனால்தான் நகம் கழல்கிறது, எங்களுக்கும் கழன்றுகொண்டிருக்கிறது, அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். அனுப்பிய கையோடு அவருக்குப் போன் செய்தேன். புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் அந்தத் திங்கட்கிழமை அனுப்பினேன் என்பதையும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் டிவி ஓடுவது மட்டும் கேட்டது. திட்டினால் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

"நெகம் மறுபடி மொளைச்சிருமாங்க?" என்று கேட்டார்.

"மொளைச்சிருங்க. புதுசு அடியில வந்துக்கிட்டேதான் இருக்கும். பழசப் பிச்சு மட்டும் எடுத்துறாதீங்க, துணியில மாட்டாம ஓரத்த வெட்டி விடுங்க, தானா விழுந்துரும்" என்றேன். சின்னவனுக்கும் தூக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனை அப்படியே வைத்துவிட்டுப் போனார். நான் லைனிலேயே இருந்தேன்.